மாத வாடகைக்கு ஒரு நாற்காலி: விஜயநகர் ரீடிங் ரூமில் நாவல் எழுதலாமா?

பெங்களூரில் வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை, எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் காபி ஷாப் என்பார்கள். நான் ரீடிங் ரூம் என்பேன். விஜயநகர், அத்திகுப்பே, சந்திரா லேஅவுட் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும், ஐஏஎஸ், கேஏஎஸ் கோச்சிங் சென்டர்கள் இருக்கும் தெருக்களில் பி.ஜி. போர்டுகளுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் நடுவில் ‘ஸ்டடி ஹால்’, ‘ரீடிங் ரூம்’ என்று போர்டு தொங்கும். மாதக் கட்டணம் கட்டினால் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட். அவ்வளவுதான் சரக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை நம்பி நடக்கிற இந்த இடத்தில் நாவல் எழுத முடியுமா என்றால், முதல் வரைவு எழுத இதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை, திருத்தி எழுதுவதற்கு மட்டும் இது சுத்தமாக ஆகாது. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், ஓனர் நல்ல மனுஷர், தவிர அந்தத் தெருவில் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

நான் போகிற இடம் பர்ப்பிள் லைனில் அத்திகுப்பே ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். கீழே ஹார்டுவேர் கடை, ஒட்டினாற்போல ஒரு தர்ஷினி (நின்றபடி சாப்பிடுகிற சின்ன ஓட்டல்), இரண்டாவது மாடியில் ஹால். ஆதார் ஜெராக்ஸ் ஒன்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, 500 ரூபாய் அட்வான்ஸ். எந்த சீட் காலியோ அதில் உட்காருவதென்றால் மாதம் 1,400, நிரந்தர சீட்டும் லாக்கரும் வேண்டுமென்றால் 1,800. காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பதினொன்றுக்கு மூடுகிறார்கள். பெண்களுக்குத் தனி ஹால், அதற்குத் தனி வாசல். எட்டு மணிக்கு மேல் கிளம்பினால் வாட்ச்மேன் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார். சிலருக்கு இது எரிச்சலாக இருக்கலாம், எனக்கு இல்லை. ஆபீஸ் முடித்து ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குக் கிளம்புகிறவளுக்கு வாசலில் ஒரு ஆள் விழித்திருப்பதே பெரிய விஷயம்.

மேஜை என்று சொன்னேனே, அது மூன்று பக்கமும் ப்ளைவுட் தடுப்பு வைத்த ஒரு பெட்டி. அகலம் இரண்டரை அடி இருந்தால் அதிகம். லேப்டாப் வைத்தால் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைக்கலாம், நோட்டும் வைக்க வேண்டுமென்றால் பாட்டில் கீழே போக வேண்டும். எனக்கு முன்னால் அங்கே படித்த யாரோ தடுப்பில் பென்சிலால் அரசியல் சட்டப் பிரிவுகளை எழுதி வைத்திருக்கிறார். 14 முதல் 18 வரை சமத்துவம், 19 முதல் 22 வரை சுதந்திரம், 32ஐச் சுற்றி இரட்டை வட்டம், அதற்குக் கீழே கன்னடத்தில் ‘தாயி சாமுண்டி காபாடு’ (தாயே சாமுண்டி, காப்பாற்று). அடுத்த வாக்கியம் வராமல் முழிக்கிற நேரமெல்லாம் இதையே படித்து எனக்கு அடிப்படை உரிமைகள் மனப்பாடம்.

இப்படிப்பட்ட பெட்டிக்குள் என்ன நாவல் வரும் என்று தோன்றும். வருகிறது. காபி ஷாப்பில் நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதை நாலு பேர் பார்ப்பார்கள், அந்த நினைப்பே பாதி நேரத்தைத் தின்றுவிடும். இங்கே ஒருத்தரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில் பக்கம் புரளும் சத்தமும் ஏசி சத்தமும்தான் கேட்கும், அத்தனை பேரும் தலை குனிந்து ஏதோ ஒன்றை முட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் எழுந்து போய் பால்கனியில் நின்று போனை நோண்ட வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்துக்குத்தான் நான் 1,800 ரூபாய் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்த்தான் பேச வேண்டும், சுவரில் ‘மாதாடபேடி’ (பேசாதீர்கள்) என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். வைஃபை உண்டு, பாஸ்வேர்டை நான் இதுவரை கேட்கவில்லை.

பக்கத்து சீட்டில் இருப்பவள் பங்காரப்பேட்டைப் பெண், வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள், வீட்டில் தமிழ்தான் பேசுவார்களாம். தர்ஷினியில் நின்றபடி ஒரு காபியை இரண்டாகப் பிரித்து, பை-டூ காபி குடிக்கும்போது கேட்டாள்.

“அக்கா, நீங்க எந்த எக்ஸாம்?”

“எக்ஸாம் எல்லாம் இல்லம்மா. நாவல் எழுதுறேன்.”

“ஓ. அதுக்கு எப்பக்கா நோட்டிஃபிகேஷன் வரும்?”

சிரிப்பு வந்தாலும் அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த ஹாலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு தேதி இருக்கிறது, சிலபஸ் இருக்கிறது, கட்-ஆஃப் இருக்கிறது. நாவல் எழுதுகிறவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் எழுதாவிட்டால் உலகத்தில் யாரும் ‘என்னாச்சு’ என்று கேட்கப் போவதில்லை, அதுதான் இதில் இருக்கிற பெரிய சிக்கல். முன்பெல்லாம் தமிழில் இந்த வேலையை வாரப் பத்திரிகைகள் பார்த்துக்கொண்டன. தொடர்கதை என்று ஒத்துக்கொண்டால் வாரா வாரம் அத்தியாயம் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அச்சுக்குப் போகிற நாள் யாருக்காகவும் நிற்காது. இதே பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா அத்தனை தொடர்கள் எழுதினார். திறமை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வெளியிலிருந்து ஒருவர் கெடு வைத்துக் காத்திருந்தார் என்பதும் அதில் உண்டு. இப்போது நம்மைப் போன்ற புது ஆட்களுக்கு அந்தக் கெடுவை யாரும் தருவதில்லை, நாமே போட்டுக்கொள்ள வேண்டும், நாமே போட்டுக்கொண்ட கெடுவை நாமே தள்ளிப்போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் சொல்லுங்கள்.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து வார்த்தைக் கணக்கு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 1999இல் 21 பேர் சேர்ந்து விளையாட்டாகத் தொடங்கியது நானோரைமோ. ஒரே மாதத்தில் 50,000 வார்த்தை எழுத வேண்டும், அதாவது நாளைக்கு 1,667. அடுத்த வருஷத்திலிருந்து நவம்பர் மாதத்துக்கு மாற்றி, உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் எழுதிப் பார்த்தார்கள். 2025இல் அந்த அமைப்பையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், ஆனாலும் 1,667 என்கிற எண் மட்டும் எழுத நினைக்கிறவர்கள் மண்டையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இங்கிலீஷில் எழுதுகிற ஆபீஸ் தோழி ஒருத்தி இந்தக் கணக்கில்தான் ஓடுகிறாள், அவளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

தமிழில் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் மூச்சு முட்டும். ‘வரமாட்டேனென்றுதான் சொன்னாள்’ என்று சேர்த்து அடித்தால் கூகுள் டாக்ஸ் இரண்டு வார்த்தை என்கிறது, ‘வர மாட்டேன் என்றுதான் சொன்னாள்’ என்று பிரித்தால் நாலு. அன்றைக்கு எழுத வரவில்லை என்றால் கை தானாகப் பிரித்து அடிக்க ஆரம்பித்துவிடும், எண்ணிக்கையும் ஏறிவிடும், நாவல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். தவிர, ஆங்கிலத்தில் நாலைந்து துண்டாக நிற்பது நமக்கு ஒரே வினைச்சொல்லில் அடங்கிவிடுகிறது, அப்படியிருக்க அதே 1,667ஐ இங்கே கொண்டுவந்து வைத்தால் அது அங்கே இருப்பதைவிட நிறைய கனமான எண். தமிழில் எழுதுகிறவர்கள் வார்த்தை இலக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் நாளைக்கு 500, 600 என்று வையுங்கள், அதுவே நல்ல வேகம், வேலைக்குப் போய்க்கொண்டு எழுதுகிறவருக்கு 300கூடப் போதும்.

ரீடிங் ரூமில் உட்கார்ந்த பிறகு நான் வார்த்தையை விட்டுவிட்டு மணிக்கணக்குக்கு மாறினேன். பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். அவர்கள் யாரும் ‘இன்றைக்கு இத்தனை பக்கம்’ என்று சொல்வதில்லை, ‘எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன்’ என்கிறார்கள். எனக்கு எட்டு மணி நேரம் கிடையாது, ஒன்றரை மணி நேரம் ஒரு உட்காரல், நடுவில் காபி, அப்புறம் முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஐம்பது வார்த்தை வந்தாலும் சரி, ஆயிரம் வந்தாலும் சரி, நாற்காலியில் இருந்தால் அன்றைய கணக்கு முடிந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், அவ்வளவுதான் இலக்கு. வார்த்தை எத்தனை என்பதை ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்ப்பேன். பெங்களூரில் மழை வந்து, சில்க் போர்டு பக்கம் வண்டி நகராமல், ஆபீஸிலிருந்து கிளம்பவே எட்டாகிவிட்ட நாட்களில் எண் இலக்கு வைத்திருந்தால் குற்ற உணர்ச்சியில் அடுத்த நாளும் போகாமல் இருந்துவிடத் தோன்றும், மணி இலக்கு என்றால் இருக்கிற முக்கால் மணி நேரத்தையாவது உட்கார்ந்துவிட்டுப் போகலாம். முன்பணம் கட்டிய சீட் காலியாகக் கிடக்கிறதே என்கிற வயிற்றெரிச்சலும் கொஞ்சம் உதவும். நடுத்தர வர்க்கத்துக்கு இதைவிட நல்ல உந்துசக்தி கிடையாது.

ஒரு சின்ன விஷயம், லேப்டாப்பில் தட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. நிசப்தமான ஹாலில் கீபோர்டு சத்தம் இடி மாதிரி கேட்கும். மெக்கானிக்கல் கீபோர்டு கொண்டுவந்தால் அடித்து விரட்டுவார்கள். ஓனர் லேப்டாப்காரர்களுக்கென்று பின்வரிசையை ஒதுக்கியிருக்கிறார், ரப்பர் மேட் ஒன்றை லேப்டாப்புக்குக் கீழே போட்டால் பாதி சத்தம் குறையும். இன்னொரு வழி தமிழ்99 விசைப்பலகை. ஒலிபெயர்ப்பு முறையில் ‘அம்மா’ அடிக்க ஐந்து தட்டு, தமிழ்99இல் நாலு, மெய்யெழுத்து இரட்டிக்கிற இடத்தில் புள்ளி தானாக விழுந்துவிடும். ஒரு சொல்லுக்கு ஒரு தட்டு குறைந்தால் என்ன பெரிய லாபம் என்று கேட்கலாம், ஒரு நாவல் முழுக்க அடித்துப் பார்த்தால் தெரியும், விரல் வலியிலும் வித்தியாசம் உண்டு, பக்கத்து சீட் முறைப்பிலும் உண்டு. 1999லேயே தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை, இன்னும் நம்மில் பாதிப் பேர் இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தட்டித் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறோம். சரி, அது வேறு கதை.

என் நாவல் கோலார் தங்கவயலில், அந்தத் தங்கச் சுரங்க ஊரில் நடக்கிறது. வரைவு எழுதும்போது ஒரு விதிதான், பின்னால் போகக் கூடாது. சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்பார்கள், எந்த ஷிஃப்ட்டுக்கு எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், இதெல்லாம் தெரியாத இடத்தில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போய்விடுவேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்காமல் இருப்பது இதற்காகத்தான். நெட் இருந்தால் ஒரு சங்குச் சத்தத்தைத் தேடப் போய், சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழமான சுரங்கம், அடியில் பாறையின் சூடு எவ்வளவு என்று படிக்க ஆரம்பித்து, அன்றைய ஒன்றரை மணி நேரமும் பூமிக்கு அடியில் போய்விடும். எழுதி முடித்தபோது பிரதி முழுக்க நட்சத்திரம்தான். அத்தியாயங்களில் பாதி ஒன்றோடொன்று ஒட்டவில்லை, ஒரு பாத்திரம் நடுவில் பெயர் மாறியிருந்தது. இருக்கட்டும், வரைவு என்றால் அப்படித்தான், முடிவு வரை ஒன்று இருக்கிறது என்பதுதான் முக்கியம், அதை இந்த இடம் எனக்குத் தந்தது.

இனி பிடிக்காதது. திருத்துகிற வேலைக்கு இந்த இடம் எதிரி.

முதல் காரணம் மேஜையில் இடம் போதாதது. நான் திரையில் திருத்துவதில்லை, பிரிண்ட் எடுத்துத்தான் பார்ப்பேன், ஒரு பக்கம் மட்டும் அச்சு, வரிக்கு வரி நல்ல இடைவெளி. எதிர் ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய், பரீட்சைப் பிள்ளைகளின் நோட்ஸ் போடுகிற மிஷின் என்பதால் மை அடர்த்தியாகவே விழும். அந்தக் காகிதக் கட்டை அந்த இரண்டரை அடி மேஜையில் எப்படிப் பிரிப்பது? ஐந்தாவது அத்தியாயத்தையும் பதினெட்டாவது அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டிலும் ஒரே பாட்டி ஒரே கதையைச் சொல்கிறாள் என்று தெரியும். மடியில் ஒன்று, மேஜையில் ஒன்று என்று வைத்துப் பார்த்தேன், ஏசி காற்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் போட்டது, ‘குழிக்குள் ரத்தம்’ என்று சிவப்பு மையில் எழுதிய பக்கம் அது, எடுத்துக் கொடுத்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அதைவிட முக்கியமானது சத்தம். உரையாடலைத் திருத்த வேண்டுமென்றால் வாய்விட்டுப் படித்தாக வேண்டும். எங்கள் தங்கவயல் தமிழில் வடாற்காட்டு இழுவையும் உண்டு, தெலுங்கும் கன்னடமும் உண்டு, வெள்ளைக்கார துரைமார் காலத்து இங்கிலீஷும் உண்டு, அது காகிதத்தில் சரியாகத்தான் தெரியும், வாயில் போட்டால்தான் தாத்தா பேசுகிற பேச்சு வாத்தியார் பேச்சாக மாறியிருப்பது பிடிபடும். ரீடிங் ரூமில் முணுமுணுத்தாலே திரும்பிப் பார்ப்பார்கள். மாடிப்படியில் போய் நின்று படிக்கலாம் என்றால் அங்கே ஏற்கெனவே நாலு பேர் போனில் அம்மாவிடம் பணம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடைசியில் கப்பன் பூங்காவுக்குப் போனேன். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கையில் காகிதத்தோடு நடந்தபடி உரக்கப் படித்தால் ஆபீஸ் கால் என்று நினைத்துக்கொள்வார்கள், இந்த ஊரில் அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எழுதுகிறவர்களுக்கு பெங்களூர் தருகிற ஆகப்பெரிய சலுகை இதுதான் என்பேன்.

திருத்தும்போது இலக்கு வைக்கிற முறையும் இங்கே பொருந்தவில்லை. மணிக்கணக்கு வரைவுக்குச் சரி, திருத்தத்துக்கு ஆகாது. சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் தொண்ணூறு மைல் கம்பி இழுத்துத் தங்கவயல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள், அதைப் பற்றி வரைவில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். எழுதும்போது கதை ஓடுகிற மாதிரிதான் இருந்தது, பிரிண்டில் பார்த்தால் பள்ளிக்கூடப் பாடம். ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பாட்டி வாயில் ‘கரண்டு குழிக்குள்ள போச்சு, நம்ம லைன் வீட்டுக்கு வரல’ என்று ஒரு வரி மட்டும் வைத்தேன். அன்றைய வார்த்தைக் கணக்கு பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் கழிவு. அது நல்ல நாளா கெட்ட நாளா? எந்த டிராக்கரும் சொல்லாது. இப்போது நான் ஒரு சுற்றுக்கு ஒரே கேள்வி என்று வைத்திருக்கிறேன். முதல் சுற்றில் காலக்கணக்கு மட்டும், யாருக்கு எந்த வருஷம் என்ன வயது, 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்போது யார் உயிரோடு இருக்கிறார்கள். அந்தச் சுற்றில் மோசமான வாக்கியம் கண்ணில் பட்டாலும் தொடுவதில்லை. அடுத்த சுற்று பேச்சு. அதற்கடுத்தது வெட்டு, எந்தக் காட்சியை எடுத்துவிட்டால் ஒன்றும் குறையாது என்று பார்ப்பது, இதுதான் வலிக்கிற சுற்று, இதைச் செய்யும்போது மட்டும் யாருக்காவது ஒரு தேதி சொல்லி வைத்துவிடுவது நல்லது. நான் இங்கிலீஷில் எழுதுகிற அந்த ஆபீஸ் தோழியிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பாள், அதனாலேயே எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று சரியாகச் சொல்வாள்.

இதில் யோசித்தால் ஒன்று புரிகிறது. வரைவுக்கு அறுபடாத நேரம் வேண்டும், நடுவில் குக்கர் விசிலும் குழந்தையின் ஹோம்வொர்க்கும் வந்தால் அந்த வாக்கியம் போனது போனதுதான். திருத்தம் அப்படியில்லை, பிரதி அங்கேயே கிடக்கும், சாம்பார் கொதிக்கிற நேரத்தில் இரண்டு பக்கம், பிள்ளை தூங்கினபிறகு நாலு பக்கம் என்று பிய்த்துப் பிய்த்துப் பார்க்கலாம், தரையில் பரப்பலாம், சத்தம் போட்டுப் படிக்கலாம். எழுத முடியாது என்று ஓடிவந்த அதே வீடு திருத்த மட்டும் நன்றாக இருக்கிறது. என் மாமியார் ஒருநாள் கூடத்தில் பரப்பியிருந்த பக்கங்களில் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, “இந்தப் பொம்பளை எதுக்கு இவ்ளோ நேரம் அழுவுறா?” என்றார்கள். அந்தக் காட்சி இப்போது பாதி நீளம்தான்.

மற்ற குறைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். நாற்காலி மோசம், சீட்டில் குழி விழுந்திருக்கிறது, வீட்டிலிருந்து குஷன் கொண்டுபோங்கள். பெண்கள் ஹாலுக்கு ஒரே கழிப்பறை, தாழ்ப்பாள் சரியில்லை, ரிப்பேர் பண்ணுகிறேன் என்று ஓனர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது கோச்சிங் சென்டருக்கு மாதிரித் தேர்வு நடத்த ஹாலை விட்டுவிடுகிறார், நிரந்தர சீட்டுக்குப் பணம் கட்டியவர்களுக்குக்கூட முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்டால் “அட்ஜஸ்ட் மாடி மேடம்” என்பார். மதியம் ஹாலுக்குள்ளேயே டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள், பசியோடு எழுதுகிறவர்களுக்கு அது தனிச் சித்திரவதை. கரண்ட் போனால் யூபிஎஸ் இருக்கிறது, விளக்கும் பிளக்கும் வேலை செய்யும், ஏசி மட்டும் நின்றுவிடும். ஏசியை எத்தனையில் வைப்பது என்று தினம் நடக்கிற மௌனப் போரில் நான் ஸ்வெட்டர் கட்சி.

வேறு இடங்களோடு ஒப்பிட்டால்? கப்பன் பூங்காவில் இருக்கிற அரசு மத்திய நூலகம், அந்தச் சிவப்புக் கட்டடம், மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாக 1915இல் எழுந்தது, உட்கார்ந்து படிப்பதற்கு அதைவிட அழகான இடம் ஊரில் இல்லை. அழகுதான் எனக்குச் சிக்கல், தலையை நிமிர்த்தினால் கூரை, ஜன்னல், மரம் என்று அரைமணி நேரம் போய்விடும். ப்ளைவுட் தடுப்பில் பார்க்க ஒன்றுமில்லை. அல்சூர் ஏரிக்கரை தமிழ்ச் சங்க நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் பார்க்க அவசியம் போங்கள், அங்கே போனால் நான் எழுதுவதில்லை, படித்துக்கொண்டே இருந்துவிடுவேன். கோ-ஒர்க்கிங் இடங்களில் நாற்காலி பிரமாதம், ஆனால் ஒரு நாள் பாஸ் விலைக்கு இங்கே ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டிவிடலாம், பக்கத்தில் ஒருவர் ஸ்டார்ட்-அப் விற்றுக்கொண்டிருப்பார். காபி ஷாப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன், ஒரு கப்புக்கு மூன்று மணி நேரம் உட்கார எனக்கு முகம் இடம் கொடுக்காது.

ஆக, கையில் ஒரு கதை இருக்கிறது, வீட்டில் முடியவில்லை, வேலைக்கும் போகிறீர்கள் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு சீட் எடுங்கள், வரைவை முடித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். திருத்துகிற மாதங்களுக்குப் பணம் கட்டாதீர்கள், வீண். மொத்தமாக மூன்று மாதம் கட்டுகிறேன் என்று சொன்னால் 1,800ஐ 1,600 ஆக்குவார், நான் பேசிப் பார்த்ததில் அதற்குக் கீழே இறங்கவில்லை. எப்போது சேருவது என்பதும் முக்கியம். யூபிஎஸ்சி பிரிலிம்ஸ் வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ வரும், அதற்கு முந்தைய இரண்டு மாதமும் சீட் கிடைக்காது, கிடைத்தாலும் ஹாலில் இருக்கிற பதற்றம் உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும். பரீட்சை முடிந்த மறுவாரம் போங்கள், பாதி ஹால் காலியாக இருக்கும், ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கலாம். 500 ரூபாய் அட்வான்ஸுக்கு மறக்காமல் ரசீது கேளுங்கள், கேட்டால்தான் எழுதித் தருவார்.